எச்சம்

நாற்பத்தோரு ஆழ்துளைக் கிணறுகள்.
ஆழம் ஒரு பத்தியில், ஃப்ளூரைடு அடுத்த பத்தியில்.
தருமபுரி ஆய்வகத்தில் இரவு ஒன்பதரை,
மின்விசிறி மட்டும் என்னோடு வேலை செய்கிறது.

நேர்கோட்டுக்கு அடங்காத தண்ணீர் இது.
இறங்க இறங்க ஏறும், பிறகு தயங்கும்,
பாறை தன் கையிருப்பைக் கொடுத்து முடித்தது போல.
அந்தத் தயக்கத்தை எழுத மூன்று எண்கள் வேண்டும்:
எங்கே தொடங்கும், என்ன வேகம், எங்கே நிற்கும்.

முதலில் வழக்கமான வழி.
விலகலை விலகலாலேயே பெருக்கிக் கூட்டினேன்.
ஏழுமரக் கொட்டாய், தொண்ணூறு அடி, பதினொன்று
என்றொரு புள்ளி
தாளின் உச்சியில் தனியாய் நின்று கத்தியது.
கத்துகிறவன் கையில்தான் வர்க்கம் ஒலிபெருக்கியைக் கொடுக்கும்.
மொத்த வளைவும் எழுந்து அவனைப் பார்க்கப் போனது,
நாற்பது கிணறுகளை நடுத்தெருவில் விட்டுவிட்டு.

அழித்தேன்.
பெருக்காமல், குறியை மட்டும் உரித்துவிட்டு
விலகலை விலகலாகவே கூட்டினேன்.
இப்போது எவ்வளவு தூரம் என்று வளைவு கேட்கவில்லை.
மேலா, கீழா?
பதினொன்றுக்கும் ஒரு ஓட்டு, ஒன்றரைக்கும் ஒரு ஓட்டு.

ஆனால் இந்த நிலத்தில் முனைகள் அதிகம்.
மடிப்பில் நின்று சாய்வு கேட்டால்
இரண்டு பதில் வருகிறது, எதுவும் பதிலில்லை.
தொப்பூர் கணவாயில் கிரானைட் ஏற்றிய லாரியாய்
நின்று நின்று இறங்க வேண்டும்:
இருக்கும் இடத்தில் வளைவை நேரென்று பொய் சொல்,
அந்தப் பொய்க்குச் சரியான விடை கண்டுபிடி,
அது காட்டும் திசையில் பாதி தூரம் போ,
மொத்தம் குறையவில்லையா, பிரேக்,
கால்வாசி போதும்.

பதினேழாவது அடியில் கூட்டுத்தொகை அசைய மறுத்தது.
மூன்று எண்களைத் தேடிய வளைவு
மூன்று புள்ளிகளின் மேல் துல்லியமாய் உட்கார்ந்திருந்தது,
ஆணியடித்த பாய் போல.
பதினொன்று இன்னும் உச்சியில். யாரும் திரும்பவில்லை.

தீர்த்தகிரிக்குப் போன் போட்டேன்.
"எழுதினது எழுதினதுதான் மேடம்."
காலையில் இரண்டு காலிப் பாட்டில்களோடு
பென்னாகரம் பேருந்து ஏறினேன்.
வளைவு வளையவில்லையென்றால்
யாராவது போய்த்தானே ஆக வேண்டும்.

அங்கேயே சாயம் விட்டுப் பார்த்தேன்.
ஒன்று புள்ளி ஒன்று.
ஈரக்கை பட்டு நடுப்புள்ளி கரைந்திருக்கிறது.
திருத்தினாலும் அது கோட்டுக்கு மேலேதான்,
ஒரு நூல் உயரத்தில்.
வளைவு அசைய வேண்டிய அவசியமே இல்லை.
கணக்கை நினைத்து எனக்கே கர்வமாக இருந்தது.

திரும்பும் வழியில் இண்டூர் தாண்டி ஒரு டீக்கடை.
கடைக்காரி மகள், நான்காம் வகுப்புச் சீருடை,
சில்லறை தந்துவிட்டுச் சிரித்தாள்.
பற்களில் குறுக்கே பழுப்புக் கோடுகள்,
கோடு போட்ட நோட்டு மாதிரி.
பின்னால் அடிபம்பு. அதன் மேல் என் அலுவலக எண், இருபத்தாறு.

பதிவேட்டைப் புரட்டினேன்.
இருநூற்றெழுபது அடி. மூன்று புள்ளி நான்கு.
வளைவு உட்கார்ந்த மூன்றில் ஒன்று.
எச்சம்: பூஜ்யம்.

பிழையே இல்லாத புள்ளி.
தண்ணீர்தான் பிழை.

டீ கையில் சுட்டது.
எந்தத் தண்ணீர் என்று நான் கேட்கவில்லை.
சிறுமிதான் கேட்டாள்,
சக்கரை போதுமா அக்கா.