இப்போதைக்கு

கொச்சிப் பக்கம் தடை போட்டால்
ஐம்பத்திரண்டு நாள் வீட்டில் இருப்பார்.
இந்த முறை வந்து இறங்கியவர்
பையைக்கூட அவிழ்க்காமல்
"பாயத் தனியாப் போடு" என்றார்.

பயணக் களைப்பு என்றுதான் நினைத்தேன்.
பிள்ளைகள் தூங்கியபிறகு
பாலத்தில் ரயில் ஊர்கிற சத்தத்துக்குக் காத்திருந்து
அந்தச் சத்தத்துக்குள்ளே வைத்துச் சொன்னார்.
வைகாசி. முனம்பம். ஒரு லாட்ஜ்.

"ஒறை போட்டீகளா?"
என் வாயில் முதலில் வந்தது அதுதான்.
"போடல."
அழுகை அதற்குப் பிறகு.
எவர்சில்வர் தூக்கு இன்னும் நசுங்கித்தான் இருக்கிறது.

நாங்கள் பாசி எடுக்கிறவர்கள்.
குருசடித் தீவுப் பக்கம் பாருக்குள் கைவிடுமுன்
பத்து விரலுக்கும் துணி சுற்றுவோம்.
தண்ணீர் எவ்வளவு தெளிந்து கிடந்தாலும் சுற்றுவோம்.
நல்ல கல்லா கெட்ட கல்லா என்று
யாரும் கல்லைக் கேட்பதில்லை.
இதை அவரிடம் கத்திச் சொன்னேன்.
"தெரியும்" என்றார்.
தெரிந்தவர் செய்கிற காரியமா அது.

ராமேஸ்வரம் ஆஸ்பத்திரிக்குப் போனால்
நாங்கள் திரும்புமுன் சேதி பாம்பனுக்கு வந்துவிடும்.
ஆனி பிறந்து பத்து நாள் கழித்து
ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினோம்.
ரேஷன் கார்டில் பேர் திருத்தணும் என்று
கேட்காதவர்களிடமும் சொன்னோம்.
கதவுக்கு மேல் பலகை: நம்பிக்கை மையம்.
என் வீட்டுக்காரர் பேர் நம்புராஜன்.
சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது அந்த நேரத்தில்.

தனித்தனியாகக் கூப்பிட்டார்கள்.
ரெக்ஸ்லின் என்று பேர் குத்தியிருந்த பெண்
கதவைச் சாத்திவிட்டு
அரிசி விலை விசாரிப்பது போல் கேட்டாள்,
"ஒங்களுக்கு வேற யார்கூடயாச்சும்?"
இல்லை என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.
"மாசியில" என்றேன்.

பேர் கேட்பாள் என்று கை நடுங்கியது.
அவள் விரல்விட்டு எண்ணினாள்,
பங்குனி, சித்திரை, வைகாசி.
"மூணு மாசம் தாண்டிருச்சுக்கா.
இன்னைக்கு வர்ற முடிவே முடிவு."

எனக்கு ஒன்றுமில்லை.
அவருக்கு மேகம்.
வானத்தில் கறுத்தால் வலையை அள்ளிக்கொண்டு ஓடுவோம்,
ரத்தத்தில் வந்ததற்கு
பின்பக்கம் இரண்டு பக்கமும் ஊசி.
குணமாகிவிடும் என்றார்கள். நொண்டிக்கொண்டே வந்தார்.
பெரிய வியாதி இல்லை,
இப்போதைக்கு இல்லை,
தொண்ணூறு நாள் ஆனதும் இன்னொரு தரம் பார்க்கணும்.
அதுவரை ஜாக்கிரதை என்று கொடுத்த பெட்டி
மஞ்சப்பையில் வெங்காயத்துக்கு அடியில்
பாலம் தாண்டி வந்தது.

கடலுக்குத் தடை முடிந்தது.
கூட்டாளிகள் கிளம்பினார்கள். போன்மேல் போன்.
முதுகுவலி என்று இருந்துவிட்டார்.
பாசி வியாபாரியிடம் முன்பணம் வாங்கி
அரிசி எடுத்தேன்.
இரண்டு பாய்க்கும் நடுவில்
அவர் சொன்னது நாள்பட நாள்பட இளைத்தது.
நான் சொல்லாதது அப்படியே கிடந்தது.

எந்தத் தாளிலும் அது வராது.
ரத்தம் என்னைக் காட்டிக்கொடுக்காது.
அவரைப் பேசவைத்தது பயம்.
எனக்கு அந்தப் பயம்கூட இல்லை,
அதுதான் கஷ்டமாக இருந்தது.

தொண்ணூறாம் நாள்
எனக்குச் சீட்டு இல்லை. இருந்தும் போனேன்.
முழங்கையை மடக்கிப் பஞ்சை அழுத்தியபடி
பெஞ்சில் இருந்தார்.
"ஒரு மணி நேரம் ஆகுமாம்.
ஒனக்குத்தான் ஒன்னுமில்லன்னுட்டாங்கள்ல,
பாசிக்குப் போகாம ஏன் வந்த?"

பஞ்சை வாங்கிக் கூடையில் போட்டேன்.
உள்ளே யாரோ ஒரு எண்ணைக் கூப்பிட்டார்கள், எங்களுடையது இல்லை.
பக்கத்தில் உட்கார்ந்தேன்.
"மாசியில" என்று ஆரம்பித்தேன்.