எட்டுப் பனையும் ஒரு வாழையும்

மனு கொடுத்தது ஒரு திங்கட்கிழமை.
பதில் வந்தது நாலாம் மாசம்:
"குடியிருப்புப் பகுதிகளின் மேல்
ஐந்நூறு அடிக்குக் கீழே பயிற்சி விமானங்கள் பறப்பதில்லை.
விதி முறையாகப் பின்பற்றப்படுகிறது."
அடியில் வட்ட முத்திரை.
ஊதா மை ஒரு பக்கம் இழுபட்டிருந்தது.

ஐந்நூறு அடியை எதை வைத்து அளப்பது?
ஓடைமேட்டுக் காலனியில் உயரமென்றால் பனைமரம்.
ஒரு பனை அறுபதடி என்றார் பரசுராமன்.
எட்டுப் பனையை ஒன்றின் தலையில் ஒன்றாய் நட்டு
உச்சியில் ஒரு வாழையை வைத்தால்
கணக்கு சரியாய் வருகிறதாம்.
அன்று பத்தரை மணிக்கு வந்த ஹெலிகாப்டர்
இரண்டு பனைதான் இருக்கும்.
அவர் பண்ணைக் கொட்டகையில்
கோழிகள் ஒரே மூலைக்கு ஓடி
ஒன்றன்மேல் ஒன்று ஏறி
முப்பத்தாறு மூச்சுமுட்டிச் செத்தன.
மேலே கிடந்தவை பிழைத்துக்கொண்டன.

எனக்கு வேலூரில் ராத்திரி டியூட்டி.
தீவிர சிகிச்சைப் பிரிவு, ஆறு படுக்கை.
காலையில் அடுத்தவளிடம் ஒப்படைத்துவிட்டு
காட்பாடியில் பாசஞ்சர் பிடித்து
மகேந்திரவாடியில் இறங்கி
பத்து மணிக்குப் படுப்பேன்.
பத்தரைக்குக் கட்டில் நடுங்கும்.
தகர ஷீட்டின் ஆணிகள் ஒவ்வொன்றாய்ப் பேசும்.
எங்கள் வார்டில்
ஒரு எண்ணுக்குக் கீழே இறங்கினால்
மணியடிக்கும் இயந்திரம் உண்டு.
அடித்தால் ஓடுவேன்,
தப்பாக அடித்தாலும் ஓடுவேன்.
வானத்துக்கு அப்படி ஒன்றை
யார் எந்தப் படுக்கையோரம் மாட்டுவது?

"அவங்களைக் குறை சொல்லாதே"
என்பார் எதிர்வீட்டு தேவசகாயம்.
"ஏரி உடைஞ்ச வருஷம்
நிறைமாசத்து ரோசலினைக் கூரைமேலிருந்து
கயிறு விட்டுத் தூக்குனது யாரு?
தாழப் பறக்கக் கத்துக்காதவன்
கூரைமேல எப்படி நிப்பான்?"
ரோசலினின் பிள்ளைக்கு இப்போது எட்டு வயசு.
சத்தம் கேட்டால் கையாட்டியபடி ஓடுவான்.
அவனிடம் நான் என்ன சொல்ல?
எனக்கு வேண்டியது நாலு மணி நேரத் தூக்கம்.
அதுவும் மற்றவர்கள் விழித்திருக்கிற நேரத்தில்.

இரண்டாம் மனுவுக்கு
சர்வேயர் அஸ்லம் பாஷா வந்தார்.
வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்தி
சுருட்டிய படத்தைப் பெட்ரோல் டேங்க் மேல் விரித்தார்.
அவர்கள் வைத்திருப்பதும் இதன் நகல்தான் என்றார்.
விரல் ஏரிக்கரையில் தொடங்கி
ஓடையைத் தாண்டி
ரேஷன் கடை, தண்ணித் தொட்டி, மாதா கெபி,
நூற்று நாற்பத்து மூன்று வீடுகள்
எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் நின்றது.
அங்கே பொடியாய் அச்சிட்டிருந்தது:
தரிசு. முட்புதர்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
பரசுராமன்தான் முதலில் சிரித்தார்.
முட்புதருக்கு மேலே
எத்தனை பனை உயரத்தில் பறந்தாலும்
விதி மீறவில்லை.
பொய் சொல்லவில்லை அந்த ஊதா முத்திரை.
வெள்ளத்தன்று மட்டும்
படம் பார்க்காமல் வந்திருக்கிறார்கள்.

மூன்றாம் மனுவில் உயரத்தைப் பற்றி எழுதவில்லை.
எங்களை வரையுங்கள் என்று எழுதினோம்.
வீட்டு எண், கரண்டு மீட்டர் எண்,
வாக்குச்சாவடி எண் எல்லாம் சேர்த்து
பதினோரு பக்கம்.
பதில் இன்னும் வரவில்லை.

நேற்று மாடியில்
வெள்ளைச் சீருடையைக் கொடியில் போடும்போது வந்தது.
புடவைகள் கழுத்தை முறித்துக்கொண்டு பறந்தன.
ஒரு கிளிப் தெறித்து என் நெற்றியில் பட்டது.
திறந்த கதவோரம் ஒரு பையன்.
இருபத்திரண்டு வயசிருக்கும், தாடையில் பரு.
மடியில் விரித்த படத்தைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.
திரும்பவும் படத்தை.
எதை நம்புவதென்று அவன் முடிவு செய்வதற்குள்
ஏரிக்கரையைத் தாண்டிவிட்டார்கள்.