தசமப் புள்ளி

மூன்றாம் மாடி வகுப்பறையில்
பொம்மையின் இதயம் சுவரில் இருக்கிறது.
ஸ்விட்ச் போட்டால் துடிக்கும்.
பெங்களூர் மழையில் கரண்டு போனால் நின்றுவிடும்;
ஜெனரேட்டர் வரும்வரை சிரித்துக்கொண்டிருப்போம்.

என் கையுறை ஏழரை அளவு.
இரண்டு கட்டைவிரல் வைத்ததும்
பொம்மைக்கு மார்பே மிச்சமில்லை.
அழுத்து, விடு.
விடுவதும் வேலைதான் என்றார்கள்.

கணக்கு வகுப்பு சாம்பார் சாதத்துக்குப் பிறகு.
புள்ளிக்கு முன்னால் சுழி போட வேண்டும்.
பின்னால் வெறும் சுழி கூடாது.
எனக்கு இது புதிதில்லை.
தலைப்புள்ளி உதிர்ந்தால் கல், கல.
தங்கவயல் பள்ளியில் ஒன்றாம் வகுப்பிலேயே
அடி வாங்கிப் படித்தவள்.
அந்தத் திமிர் இருந்தது.

ஆறாம் வாரம், ராத்திரி ஷிப்ட்.
கீழே ஓசூர் ரோட்டில் ஓயாத லாரிகள்.
எட்டாம் படுக்கை. ராய்ச்சூர்க் குழந்தை.
பெயர் இன்னும் வைக்கவில்லை;
அட்டையில் 'ஹுலிகெம்மாவின் மகன்' என்று மட்டும்.
நெஞ்சின் நடுவே இரண்டு நாள் தையல்.
எடை நாலு புள்ளி இரண்டு.
நீர் பிரிய ஊசி,
கிலோவுக்கு ஒரு மில்லிகிராம்.

லால்ரின்புயி எனக்கு முதுகு காட்டிக் கணக்குப் போட்டாள்,
நான் அவளுக்கு.
ஒருத்தி விடையை இன்னொருத்தி பார்க்கக் கூடாது.
திரும்பினோம்.
அவள் கையில் ஒரு மில்லி சிரிஞ்சு.
என் கையில் ஐந்து.

மானிட்டர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
ஆம்பூலை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினாள்:
மில்லிக்குப் பத்து.
எனக்குக் காது சுட்டது.
என் சிரிஞ்சில் பத்துக் குழந்தைகளுக்கான மருந்து,
ஒரு குமிழிகூட இல்லாமல், அத்தனை சுத்தமாக.

கொட்டினேன்.
அவளுடையதை இருவரும் உரக்கப் படித்தோம்,
அவள் ஐஸ்வால் இந்தியில், நான் தமிழில்:
சுழி புள்ளி நாலு இரண்டு.

விடிகாலையில் படிவம்.
யார்? சலோமி அருளப்பன்.
என்ன நடந்தது? எழுதினேன்.
குழந்தைக்கு ஏற்பட்ட தீங்கு?
அந்தக் கட்டத்தில் பேனா நின்றது.

வராந்தாத் தூணில் சாய்ந்திருந்த ஹுலிகெம்மா கேட்டாள்:
"ராத்ரி ஏனாத்ரூ ஆய்த்தா, சிஸ்டர்?"
இல்ல என்றேன். அந்தச் சொல்
இரண்டு மொழிக்கும் போதும்.
மூத்திரம் நன்றாகப் போகிறான் என்றேன்.
சாமி பிரசாதம் வாங்கியதைப்போல
முகத்தில் ஒற்றிக்கொண்டாள் அந்தச் செய்தியை.

உள்ளே வந்து எழுதினேன்: இல்லை.
ஆங்கிலப் படிவத்தில் தமிழா என்று
சூப்பர்வைசர் திட்டுவார்.
திட்டட்டும்.
அந்த முதல் லகரத்தின் புள்ளி
அடுத்த தாளிலும் பதிந்திருக்கிறது.