ஈரப்பதம்

நீடாமங்கலம் வட்டார வள மையம், இரண்டாம் சனிக்கிழமை.
பதினோரு அம்மாக்கள். ஒரே ஒரு அப்பா,
அவரும் கதவோரம், வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டு.

மெகராஜ் டீச்சர் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்.
எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்த்த மாதிரி
முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன.
"ஒரு நிமிஷம். சத்தமாப் படிங்க."

நான் பத்தாவது பாஸ்.
முதல் வரியிலேயே நாக்கு நின்றுவிட்டது.
டீச்சர் பின்னால் வந்து நின்று
"நேத்துதானே சொல்லிக் கொடுத்தேன்" என்றார்.
"எதுத்த வீட்டுப் பிள்ளை எப்படிப் படிக்குது பாரு" என்றார்.
"திமிரு" என்றார்.

எல்லாம் போன மாதம்
எங்கள் வாயிலிருந்தே எழுதிக்கொண்டு போனவை.
'திமிரு' என்னுடையது.

கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிற அம்மா அழுதுவிட்டார்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
அடக்க அடக்க வந்தது.

என் பிள்ளை பெயர் பொன்வேல். ஐந்தாம் வகுப்பு.
ஒருநாள் கேட்டான்:
"ப் சத்தம்தானேம்மா முதல்ல வருது,
கொம்பு ஏன் அதுக்கும் முன்னாடி போய் நிக்குது?"
அன்றைக்கு நான் சொன்ன பதில்
அவன் தொடையில் இரண்டு நாள் இருந்தது.

டீச்சரிடம் இதைச் சொன்னேன்.
திட்டவில்லை. அவன் கேள்வியை மட்டும்
நோட்டில் எழுதிக்கொண்டார்.
"பென்சில் கொஞ்ச நாள் வேணாம்.
உடம்பால எழுதட்டும். மணல்ல, பெரிசா."

வெண்ணாற்றங்கரையில்தான் இருக்கிறோம்.
ஒரு யூனிட் மணல் என்ன விலை என்று
எனக்குத் தெரியும்.

ஆனால் நெல் இருந்தது.
கொள்முதல் நிலையத்தில் கருவியில் போட்டுப் பார்த்து
"பத்தொம்பது, காயவச்சு எடுத்துட்டு வா" என்றிருந்தார்கள்.
தார்ச்சாலை ஓரம் கொட்டிப் பரப்பினோம்.
காலாண்டு லீவு. பொன்வேல் காலால் கிளறிக்கொண்டே நடந்தான்.
பின்னால் கோடு விழுந்துகொண்டே வந்தது.

"பொ போடு" என்றேன்.

சூடு தாங்காமல் குதிகாலில் சுழன்று கொம்பு போட்டான்,
சதுரமாகத் திரும்பி ப போட்டான்,
காலைக் காலால் இழுத்தான்.
இறங்கி நின்று பார்த்தான்.
கொம்புக்கு முன்னாலேயே கால் நின்றது.
நான் வாயைத் திறக்கவில்லை.
திறக்காமலிருக்க
முந்தானையைக் கடிக்க வேண்டியிருந்தது.
அவனே கலைத்தான்.

நாலு மணிக்குள் நெல் நன்றாகப் புரண்டிருந்தது.
பொ மூன்று தடவை சரியாக வந்தது,
ஏழெட்டுத் தடவை வரவில்லை.
வே போட்டபோது
மன்னார்குடி பஸ் ஒரு கொம்பின்மேல் ஏறிப் போனது.
டிரைவரை அவன் திட்டிய வார்த்தை
எங்கே கற்றான் என்று கேட்கவில்லை.

சாயங்காலம் ஒரு கை நெல்லைக் கொண்டுபோனோம்.
பதினேழரை.
அரைக்காக என் வீட்டுக்காரர் சண்டைக்கு நின்றார்.
பொன்வேல் என் கையைச் சுரண்டினான்:
"அப்ப நாளைக்கும் பரப்பணுமா?"

பரப்பணும் என்றேன்.

குவிக்கும்போது அவன் கடைசியாக எழுதியதை விட்டுவிட்டுச்
சுற்றிச் சுற்றிக் கூட்டினேன்.
அதைக் கடைசியில்தான் அள்ளினேன்.
சரியா தப்பா என்று பார்க்க
வெளிச்சமில்லை.