பதினோராவது பொட்டலம்

குளிர்பெட்டியைத் திறந்தேன்.
பதினொரு வெண்ணெய்ப் பொட்டலம்.
பூட்ஸில் பனி உருக நின்றபடி வியெனோ சொன்னாள்:
"வெண்ணெய் தீர்ந்துவிட்டது, தைஸ்தோ."
வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு
வெண்ணெய்க்கே அலைகிறாள்.

இருபது வருடமாக இந்த வீட்டுக்குள் வராத பொருள்.
என் இதயத்துக்காக அவள் போட்ட தடை.
குவோப்பியோ பால் ஆலையில் சுவை பார்ப்பவன் நான்;
நாக்கில் வைப்பேன், எண் எழுதுவேன், துப்புவேன்.
வீட்டில் வறட்டு ரொட்டி.

நினைவுக் கிளினிக்கில் கேட்டேன்:
வெண்ணெயா காரணம்?
இல்லை, அதை விட்டதா?

டாக்டர் ஹில்க்கா ஓர் உறையின் பின்புறம்
வட்டம் போட்டார். சுற்றிலும் மதில்.
"உங்கள் தட்டிலிருந்து ஒரு துளிகூட
இதைத் தாண்டாது.
மூளை தனக்கான கொலஸ்ட்ராலைத்
தானே கடைந்துகொள்கிறது.
சுமந்துபோக ஒரு புரதம் உண்டு.
மிஞ்சியதன் முதுகில்
ஓர் ஆக்சிஜனை ஒட்டி
வெளியே அனுப்பிவிடும்."

சுமப்பவன் தடுமாறினால்?
மிஞ்சியது போகாவிட்டால்?

பேனாவை மூடினார்.
"அதில் பாதிதான் எங்களுக்குத் தெரியும்."

அன்றிரவு அவள் உறங்கியபின்
பத்துப் பொட்டலத்தை எடுத்துப்போய்
மாடிப்படி ஜன்னலோரம் அடுக்கினேன்,
'எடுத்துக்கொள்ளலாம்' என்று சீட்டு ஒட்டி.
நாளைக்கும் வாங்குவாள்.
நாளைக்கும் ஒட்டுவேன்.

காலையில் கம்பு ரொட்டியில்
விரல் தடிமனுக்குப் பூசி நீட்டினாள்:
"ருசி பார். உன் வேலைதானே அது."

என் வேலை
அவளுக்கு நினைவிருக்கிறது.

உப்பு கொஞ்சம் தூக்கல்.
துப்பவில்லை.