சீனக்குடா, சீனி

சீனக்குடா மா ஆலையில்
பதினாறு வருடமாக லொறி நிறுக்கிறேன்.
வெறும் லொறி ஒரு தரம், நிறைந்த லொறி ஒரு தரம்.
கழித்தால் வருவது மா.
போன மாசியில் கிளினிக்கில்
ரினோசா மிஸ் என்னை நிறுத்தார்.
எதைக் கழிப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

வெறும் வயிற்றில் நூற்றுப் பதினெட்டு.
"வருத்தம் இன்னும் வரயில்ல.
படலைக்கு வெளியில நிக்குது.
நீங்கதான் கொண்டியைத் திறந்து வச்சிருக்கிறீங்க."

எங்கள் வீட்டுக்கு அது புது ஆள் இல்லை.
அக்கா மங்களேஸ்வரியின் இடது காலில்
இப்போது இரண்டு விரல்.
மற்ற மூன்றையும் பெரியாஸ்பத்திரியில்
ஒவ்வொன்றாக விட்டு வந்தாள்,
பஸ்ஸில் குடையை மறந்துவிட்டு வருகிறவள் போல,
அதைப்பற்றி ஒரு கதையும் இல்லாமல்.

எனக்குக் காலையில் பாண், மாலையில் பணிஸ்,
இரவில் சந்திக் கடைக் கொத்து.
இடையில் தேத்தண்ணி, மூன்று கரண்டி,
கலக்காமல் குடித்து அடியை வழித்து நக்குவேன்.
கண்ணிமையில் மா. சட்டைப்பையைத் தட்டினாலும் மா.
எனக்கு மா தின்னாதே என்பது
மீனுக்கு நனையாதே என்பது.

இதை மிஸ்ஸிடமும் சொன்னேன்.
சிரிக்காமல் எழுதினார்:
கோப்பையில் பாதி இலையும் காயும்.
பயறு, கடலை, கௌபி.
தவிடு போகாத சிவப்பரிசி, கும்பமாக அல்ல.
நாளுக்கு அரை மணி நடை.
"மூச்சு வாங்கவேணும், ஆனா கதைக்கவும் ஏலுமா இருக்கவேணும்."

யாரோடு கதைக்க?
முதல் கிழமை உட்துறைமுக வீதி நெடுக
லொறி இலக்கங்களை எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடந்தேன்.
நாய்கள் கள்ளன் என்று நினைத்தன.
மூன்றாம் கிழமை
ஒன்றுகூட எழும்பவில்லை.

மாதக் கடைசியில் ஆலை தரும் மாப்பையைப்
பாலையூற்றில் தோட்டம் செய்யும் சித்திரவேலுக்குக் கொடுத்தேன்.
பதிலுக்குக் கிழமையில் இரண்டு நாள்
வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கையிலை,
வறைக்குக் குறிஞ்சா.
குறிஞ்சாவின் கசப்புக்கு முதலில் கண்ணை மூடினேன்.
பிறகு தேங்காய்ப்பூவைக் குறைக்கச் சொன்னேன்.

நல்ல வியாபாரம் என்றுதான் இருந்தேன்,
நித்திரை வராத ஓர் இரவில்
கணக்கு வேறு மாதிரி வரும் வரை:
என் படலையில் நின்றதை
அவன் படலைக்கு அனுப்புகிறேனா?

கேட்டேன். மண்வெட்டியை ஊன்றிச் சிரித்தான்.
"அண்ணை, எட்டுப் பேர் தின்னுற வீட்டில
மாப்பை மூண்டு நாள் தாங்காது.
நான் குனிஞ்சு நிமிர முந்தி
சீனி எங்க நிண்டு இளைப்பாறுறது?"
பாதிதான் நம்பினேன்.
அடுத்த பையின் மேல்
கிளினிக் நாளை நீலப் பேனையால் எழுதிக் கொடுத்தேன்.
மீதிப் பாதிக்கு என்ன செய்வதென்று
இன்னும் தெரியாது.

நேற்று விடியலில் கோட்டை வாசலில் மான்கள்.
கோணேசரிடம் போகிறவர்கள் எறிந்த பணிஸ் துண்டுகளை
மணந்து மணந்து தின்றன.
ஒரு கொம்பன் நேரே வந்து
என் பையிலிருந்த பொன்னாங்காணிக் கட்டை இழுத்தது.
கொஞ்ச நேரம் நானும் இழுத்தேன்.
பிறகு விட்டேன்.
கிடந்த பணிஸைச் செருப்பால் கானுக்குள் தள்ளினேன்,
யாரும் பார்க்காத நேரம் பார்த்து.

பின்னால் அக்கா வந்து சேர்ந்தாள்,
முன்பக்கம் பஞ்சு திணித்த சப்பாத்தோடு.
மூன்று லைட்டுக் கம்பம் நடப்பாள், ஒன்றில் நிற்பாள்.
தன் இலக்கத்தை யாருக்கும் சொல்லமாட்டாள்;
என்னுடையதை மட்டும் கேட்பாள்.

"இப்ப எவ்வளவு?"
"நூற்றி ஒன்பது."
"படலை?"
"பூட்டயில்ல. சாத்தியிருக்கு."

கம்பத்திலிருந்து கையை எடுத்தாள்.
"அப்ப நட."