காது சாட்சி

ஒடுகத்தூர் தாண்டி ஏழாவது வளைவில்
ஜீப்பின் விளக்கு திரும்பிவந்து
எங்கள் முகத்திலேயே அடித்தது.
கிளீனர் பையன் இறங்கி முன்னால் நடந்தான்.
அவன் சிவப்பு பனியன் போன இடமெல்லாம் பாதை.

ஹெலிகாப்டர் விழுந்து மூன்றாம் நாள்.
இருவரையும் டோலி கட்டி இறக்கியாகிவிட்டது.
படிவத்தில் ஒரு கட்டம்: கண்ணால் கண்டவர் பெயர்.
கிராம நிர்வாக அலுவலன் நான், பதினோரு வருடத்தில்
எந்தக் கட்டத்தையும் காலியாக விட்டதில்லை.

"பாக்கலை" என்றாள் வேடியம்மாள்.
"பலா மரத்துப் பக்கம் போச்சு, திரும்புச்சு,
தலைக்கு மேல வந்து நின்னுச்சு.
களத்துச் சாமையெல்லாம் பறந்துச்சு.
அண்ணாந்தா வெள்ளை.
கையை நீட்டினா தொட்டிருக்கலாம், அவ்வளவு கிட்ட சத்தம்."
அப்புறம்?
"அப்புறம் அது மலைக்குள்ள போயிடுச்சு."

மலைக்குள்ள. அப்படியே எழுதினேன்.

டெல்லியிலிருந்து வந்தவர் ஒரு தகட்டைக் குனிந்து எடுத்து
துடைத்து, எண் பார்த்து, பைக்குள் போட்டார்.
இயந்திரத்தில் பழுதில்லை என்றார்.
காதுக்குள் கொஞ்சம் நீர் இருக்கிறது, அதுதான்
எது மேல் எது கீழ் என்று சொல்கிறது.
வெளியே ஒரு கோடும் தெரியாவிட்டால்
ஒரு நிமிடத்தில் பொய் பேசத் தொடங்கும்.
சாய்ந்து சாய்ந்து போகிறவனிடம்
நேராகத்தான் இருக்கிறாய் என்று சொல்லும்.
முள்ளைப் பார், உடம்பை நம்பாதே என்றுதான் பயிற்சி.
சொல்லிவிட்டுத் தன் காதை ஒருமுறை தொட்டுக்கொண்டார்.

வேலூரில் படுக்கையோடு காத்திருந்த நோயாளி
ஆம்புலன்ஸிலேயே சென்னை போய்ச் சேர்ந்தாராம்.
இது படிவத்தில் வராது.

கடைசியாக வந்தவன் குள்ளன் மகன் சென்றாயன்.
பத்தொன்பது வயது. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.
"சத்தம் ரெண்டாம் தரம் திரும்பினப்போ
வழி தெரியாம சுத்துறாங்கன்னு புரிஞ்சுது சார்.
எங்க கொல்லையில இருந்த தாளைக் குவிச்சுக் கொளுத்தினேன்,
வெளிச்சம் பார்த்து இறங்கட்டும்னு.
ராத்திரிப் பனியில ஊறின தாள்.
நெருப்பு வரல, புகைதான் வந்துச்சு.
வெள்ளைப் புகை சார்.
அந்த வெள்ளையோட போய்ச் சேர்ந்துகிச்சு.
என்னாலயா சார்?"

அதிகாரி பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார்.
என்ன சொல்கிறான்?

கீழே பள்ளத்தில் மூடுபனி அசையாமல் கிடந்தது.
தாள் ஈரமாக இருந்ததாம், என்றேன்.